கப்பல் காத்திருக்காது!

சாண்டோரினி தீவில் கரை இறங்குவது எப்படி?

காலை 7 மணி. கடலின் நடுவே பெரிய உல்லாசக் கப்பல் ஒன்று நிற்கிறது. அதற்குள் 3 ஆயிரம் பிரயாணிகள். எதிரே செங்குத்தான கரும்பாறை. அதன் உச்சியில் வெள்ளை வெளேர் என்று வீடுகள். பாறையின் தலையில் சுண்ணாம்பைக் கொட்டி வைத்தது போல இருக்கிறது!

அதுதான் சாண்டோரினி. கிரீஸ் நாட்டைச் சேர்ந்த தீவு. கப்பலில் உள்ள எல்லோரும் அந்த உச்சிக்குப் போக வேண்டும். ஊரைப் பார்க்க வேண்டும். மாலைக்குள் திரும்பிவிட வேண்டும்.

ஆனால் கப்பல் கரைக்குப் போகாது!

ஏன்?

சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன்பு இங்கே ஓர் எரிமலை வெடித்தது. தீவின் நடுப்பகுதி இடிந்து உள்ளே போய்விட்டது. அந்தப் பள்ளத்தில் கடல் நிற்கிறது. ஆழம் சில இடங்களில் 300 மீட்டருக்கும் அதிகம். சாதாரணமாக நங்கூரம் போட முடியாது. ஆகவே சில கப்பல்களை மிதவைகளில் கட்டுகிறார்கள். மற்றவை எஞ்சினை ஓட்டிக்கொண்டே ஒரே இடத்தில் நிற்கின்றன.

கரைக்கு அழைத்துப் போக, தீவில் இருந்து மோட்டார் படகுகள் வருகின்றன. படகு ஓட்டுகிறவர்கள் அந்த ஊர்க்காரர்கள். கப்பலின் அடிப்பகுதியில் ஒரு கதவு திறக்கும். அதன் வழியாகப் படகில் கால் வைக்க வேண்டும். படகு மேலும் கீழும் ஆடும். மாலுமிகள் இருவர் கையைப் பிடித்து இறக்கிவிடுவார்கள். அந்த நேரத்தில் கையில் பை இருக்கக் கூடாது. தோளில் மாட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டு துறைகள்!

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

கப்பல் கம்பெனியே நடத்தும் சுற்றுலாவுக்குப் பணம் கட்டியவர்களை முதலில் இறக்குவார்கள். அவர்களுடைய படகு அதினியோஸ் என்ற துறைக்குப் போகும். அங்கே சாலை உண்டு. பஸ் நிற்கும். ஏறிக்கொண்டு போய்விடலாம்.

"நாங்களே தனியாகச் சுற்றிப் பார்த்துக்கொள்கிறோம்" என்பவர்களுக்குப் பழைய துறை. அங்கே சாலை கிடையாது. கார் வராது. நேர் மேலே, 200 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், ஃபீரா என்ற ஊர் இருக்கிறது.

முன்கூட்டியே டாக்சிக்குச் சொல்லி வைக்கிறவர்கள், "துறைமுகத்துக்கு வந்துவிடு" என்று சொல்லிவிடுகிறார்கள். டாக்சிக்காரர் அதினியோசில் காத்து நிற்பார். இவர்கள் பழைய துறையில் தேடிக்கொண்டு நிற்பார்கள்! "மேலே ரோப் கார் நிலையத்தின் வாசலுக்கு வா" என்று சொன்னால் இந்தத் தொல்லை இல்லை.

மேலே போக 3 வழி

முதல் வழி, ரோப் கார். பழனியில் இருப்பது போலத்தான். 3 நிமிடத்தில் மேலே போய்விடலாம். நோமிகோஸ் என்ற கப்பல் அதிபரின் அறக்கட்டளை இதை ஊருக்கு நன்கொடையாகக் கொடுத்தது.

இரண்டாவது வழி, படிக்கட்டு. 580-க்கும் மேற்பட்ட படிகள். நிழல் கிடையாது. படியில் சாணம் கிடக்கும். வழுக்கும்.

மூன்றாவது வழி, கோவேறு கழுதை. ரோப் கார் வருவதற்கு முன்பு மூட்டையும் மனிதர்களும் இதன் முதுகில்தான் மேலே போனார்கள். ரோப் கார் வந்ததும் கழுதைக்காரர்களின் பிழைப்பு கெடக்கூடாதே! அதனால் ரோப் கார் வருமானத்தில் அவர்களுக்கும் ஒரு பங்கு ஒதுக்கினார்கள். கழுதைகள் படும் பாட்டைப் பற்றியும் புகார்கள் கிளம்பின. 100 கிலோவுக்கு மேலோ, அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலோ பாரம் ஏற்றக் கூடாது என்று 2018-ல் கிரீஸ் அரசாங்கம் விதி செய்தது. கொளுத்தும் வெயிலில், அந்தப் படிகளில், வாயில்லாப் பிராணியின் முதுகில் ஏறாமல் இருப்பதே நல்லது.

தாத்தா, பாட்டி, கணவன், மனைவி, 2 குழந்தைகள் உள்ள ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். ரோப் கார்தான் இவர்களுக்கு ஏற்றது. ஆனால் படகுகள் அடுத்தடுத்து ஆட்களைக் கொண்டுவந்து இறக்குகின்றன. ரோப் கார் வரிசை நீண்டுகொண்டே போகும்.

இதற்கு ஒரு யுக்தி உண்டு. கப்பலில் முதல் நாள் இரவே படகுச் சீட்டு எங்கே, எத்தனை மணிக்குக் கொடுப்பார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். சீட்டில் எண் இருக்கும். அந்த வரிசைப்படிதான் படகில் ஏற்றுவார்கள். காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு நிதானமாகப் போனால் கடைசி எண்தான் கிடைக்கும்! குடும்பத்தில் எல்லோரும் சேர்ந்தே போய் வாங்கினால், படகிலும் சேர்ந்தே போகலாம். ஒவ்வொருவரும் கப்பல் அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும். அது இல்லாமல் இறங்கவும் முடியாது, ஏறவும் முடியாது.

இன்னொரு வழியும் இருக்கிறது. பழைய துறையிலேயே வேறு படகு ஏறி, தீவின் வடக்கு முனையில் உள்ள இயா என்ற ஊருக்குப் போய்விடலாம். அங்கிருந்து மேலே பஸ் இருக்கும். இயாவைப் பார்த்துவிட்டு பஸ்சில் ஃபீராவுக்கு வரலாம். காலை வரிசையில் நிற்கும் வேலை மிச்சம்.

மாலையில்தான் ஆபத்து

காலையில் கூட்டம் இரண்டாகப் பிரிந்து இறங்கியது அல்லவா? மாலையில் அப்படி இல்லை. பஸ்சில் போனவர்களையும் பெரும்பாலும் ஃபீராவில்தான் இறக்கிவிடுகிறார்கள். அவர்களும் ரோப் காருக்கே வருகிறார்கள். ஒரே வேளையில் 3, 4 கப்பல்கள் நின்றால் கேட்கவே வேண்டாம்! வரிசை தெருவைத் தாண்டிப் போகும். ஒரு மணி நேரத்துக்கு மேலும் நிற்க வேண்டி வரும்.

இந்தத் தீவில் குடியிருப்பவர்கள் சுமார் 15 ஆயிரம் பேர்தான். அதனால் 2025 முதல், கப்பலில் வருகிறவர்கள் ஒரு நாளைக்கு 8 ஆயிரம் பேருக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். அதே ஆண்டு ஜூலையில், கோடைக் காலத்தில் இறங்கும் ஒவ்வொருவருக்கும் 20 யூரோ கட்டணமும் வந்தது. அப்படியும் 8 ஆயிரம் பேர் என்பது சின்னக் கூட்டமா?

கடைசிப் படகு மாலை 4.30 மணிக்கு என்றால், 2.30 மணிக்கே ரோப் கார் வரிசையில் நின்றுவிட வேண்டும். காலில் தெம்பு உள்ளவர்கள் படி வழியாக இறங்கலாம். அரை மணி நேரம் ஆகும். பாட்டியையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு அது நடக்காது.

கைக்கடிகாரத்தையும் கவனிக்க வேண்டும். இத்தாலியில் 3 மணி என்றால் கிரீசில் 4 மணி. இத்தாலியில் இருந்து வரும் கப்பலில், வழியில் ஓர் இரவு கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைக்கச் சொல்வார்கள். அதை மறந்தவருக்கு, 3.30 மணிதானே என்று தோன்றும். கடைசிப் படகு அப்போது புறப்பட்டுக்கொண்டிருக்கும்!

கம்பெனி சுற்றுலாவின் பஸ் தாமதமாக வந்தால் கப்பல் காத்திருக்கும். அது அவர்கள் பொறுப்பு. தனியாகப் போனவர்களுக்காகக் காத்திருக்காது. யார் யார் ஏறவில்லை என்பது அட்டைக் கணக்கில் தெரிந்துவிடும். அவர்களுடைய அறையில் பாஸ்போர்ட் இருந்தால், அதை எடுத்துத் துறைமுக ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

அதன் பிறகு சொந்தச் செலவுதான். அடுத்த ஊர் ஏதன்ஸ் என்றால் விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குள் போகலாம். இடம் இல்லை என்றால் பயணிகள் படகு இருக்கிறது. 5 மணி நேரம் முதல் 8 மணி நேரம் வரை ஆகும். அந்தப் படகு அதினியோஸ் துறையில் இருந்துதான் கிளம்பும்.