ஜெயித்தால் கலையும் அணி: அமெரிக்காவின் ‘மிட்-மேஜர்’ கல்லூரிகளில் என்ன நடக்கிறது?

2023 நவம்பர் நடுவில், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள ஹாரிசன்பர்க் என்ற சிறிய நகரம் திருவிழாக் கோலத்தில் இருந்தது. அந்த ஊரின் ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் அணி, ஆடிய 10 ஆட்டங்களிலும் வென்றிருந்தது. கூடைப்பந்து அணியோ, சீசனின் முதல் ஆட்டத்திலேயே நாட்டின் 4-ம் நிலை அணியான மிச்சிகன் ஸ்டேட்டை அதன் சொந்த மைதானத்தில் கூடுதல் நேரத்தில் 79-76 என வீழ்த்தியிருந்தது. இரண்டு அணிகளுக்கும் அதுவரை ஒரு தோல்விகூட இல்லை.

நான்கே மாதம்தான். 2024 மார்ச் முடிவதற்குள் இரண்டு அணிகளின் பயிற்சியாளர்களும் அங்கே இல்லை. ஃபுட்பால் பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டி இண்டியானாவுக்குப் போய்விட்டார். கூடைப்பந்து பயிற்சியாளர் மார்க் பையிங்டன் வாண்டர்பில்ட்டுக்குப் போய்விட்டார். அவர்களைத் தொடர்ந்து வீரர்களும் கிளம்பினார்கள்.

யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அணிகள் தோற்கவும் இல்லை. ஜெயித்ததுதான் பிரச்சினை. ஜே.எம்.யூ. அணிகளைத் தொடர்ந்து பார்த்து வரும் ரசிகன் என்ற முறையில் சொல்கிறேன்: அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் நடுத்தர அணிகளின் தலையெழுத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

‘மிட்-மேஜர்’ என்றால் என்ன?

முதலில் ஒரு விஷயம். இங்கே ஃபுட்பால் என்றால் நாம் காலால் உதைத்து ஆடும் கால்பந்து அல்ல. தலைக்கவசம், தோள்கவசம் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம்.

அமெரிக்காவில் கல்லூரி அணிகள் ‘கான்ஃபரன்ஸ்’ எனப்படும் தொகுதிகளாகப் பிரிந்து ஆடுகின்றன. எஸ்.இ.சி., பிக் டென், பிக் 12, ஏ.சி.சி. ஆகிய நான்கும் பெரிய தொகுதிகள். கூடைப்பந்தில் பிக் ஈஸ்ட்டையும் சேர்த்துக்கொள்வார்கள். தொலைக்காட்சி ஒப்பந்தப் பணத்தில் பெரும்பங்கு இவர்களுக்குத்தான்.

இந்த வட்டத்துக்கு வெளியே, ஆனால் அதே முதல் பிரிவில் ஆடும் அணிகளைத்தான் கூடைப்பந்தில் ‘மிட்-மேஜர்’ என்கிறார்கள். பேச்சுவழக்கில் ஃபுட்பாலுக்கும் இந்தச் சொல் வந்துவிட்டது. சன் பெல்ட் தொகுதியில் ஆடும் ஜே.எம்.யூ. இந்த ரகம். பெரிய கல்லூரிகளின் விளையாட்டுத் துறை தொலைக்காட்சிப் பணத்தில் ஓடுகிறது என்றால், ஜே.எம்.யூ.வின் விளையாட்டுத் துறைக்கான பணத்தில் பெரும்பகுதி மாணவர்கள் கட்டும் கட்டணத்திலிருந்து வருகிறது. மைதானத்துக்கே வராத மாணவரும் அந்த அணிக்குக் காசு கொடுக்கிறார்.

ஜே.எம்.யூ. சும்மா வந்த அணியா?

இல்லை. 1982-ல் என்.சி.ஏ.ஏ. கூடைப்பந்துப் போட்டியின் இரண்டாம் சுற்றில் வட கரோலினாவிடம் 52-50 என இரண்டே புள்ளியில் தோற்றார்கள். அந்த வட கரோலினா அணியில் மைக்கேல் ஜோர்டான் முதலாமாண்டு மாணவர். அந்த ஆண்டு சாம்பியனும் அவர்கள்தான்.

ஃபுட்பாலில் இரண்டாம் அடுக்கான எஃப்.சி.எஸ். பிரிவில் 2004, 2016 சீசன்களில் பட்டம் வென்றது ஜே.எம்.யூ. 2010-ல் அந்த அடுக்கிலிருந்தபடியே, தரவரிசையில் 13-ம் இடத்திலிருந்த வர்ஜீனியா டெக்கை 21-16 என வென்றது.

2022-ல் மேல் அடுக்குக்கு ஏறினார்கள். அதற்கும் விலை கொடுக்க வேண்டியிருந்தது. தொகுதியை விட்டு வெளியேறப் போவதாக அறிவித்ததுமே, பழைய தொகுதியான சி.ஏ.ஏ., தன் சாம்பியன்ஷிப் போட்டிகளில் ஜே.எம்.யூ. ஆட முடியாது என்று கதவைச் சாத்தியது. கூடைப்பந்து வீரர்கள் செய்த தப்பு என்ன? ஒன்றுமே இல்லை. மேலே வந்த பிறகும், முதல் இரண்டு ஆண்டுகள் ‘மாறுதல் காலம்’ என்று சொல்லி சாம்பியன்ஷிப் ஆட விடவில்லை. 2023-ல் 11 வெற்றி, 1 தோல்வி என முடித்தும் தொகுதியின் இறுதி ஆட்டம் இல்லை. ‘பௌல்’ எனப்படும் சீசன் இறுதி ஆட்டங்களுக்குத் தகுதி பெற்ற அணிகள் போதவில்லை என்பதால்தான் கடைசியில் ஓர் இடம் கிடைத்தது.

பயிற்சியாளர்கள் ஏன் நிற்பதில்லை?

பட்டியலைப் பாருங்கள். எவரெட் விதர்ஸ் டெக்சஸ் ஸ்டேட்டுக்கு. மைக் ஹூஸ்டன் கிழக்கு கரோலினாவுக்கு. சிக்னெட்டி 2023 நவம்பர் 30 அன்று இண்டியானாவுக்கு. பாப் செஸ்னி 2025 டிசம்பரில் யு.சி.எல்.ஏ.வுக்கு. ஃபுட்பாலில் மட்டும் பத்தாண்டுக்குள் நான்கு பேர். இவர்களில் யாரும் தோற்று வெளியேறியவர் அல்ல.

கூடைப்பந்திலும் இதே கதை. பையிங்டனின் அணி 2024-ல் 12-ம் தரவரிசையில் நுழைந்து, 5-ம் தரவரிசையிலிருந்த விஸ்கான்சினை 72-61 என வென்றது. அடுத்த சுற்றில் டியூக்கிடம் 93-55 எனத் தோற்றது. 32 வெற்றி, 4 தோல்வி. ரசிகர்கள் அந்தத் தோல்வியை ஜீரணிக்கும் முன்பே, ஒன்றிரண்டு நாளில் வாண்டர்பில்ட் அறிவிப்பு வந்துவிட்டது.

இவர்களைக் குறை சொல்ல முடியுமா? பல மடங்கு சம்பளம், பெரிய மேடை. யாராக இருந்தாலும் போவார்கள். நான் கோபப்படுவது அவர்கள் மேல் இல்லை.

முன்பும் இப்படித்தானே இருந்தது? இப்போது என்ன புதுசு?

முன்பு பயிற்சியாளர் மட்டும் போவார். வீரர்கள் நிற்பார்கள், ஏனென்றால் கல்லூரி மாறினால் ஓர் ஆண்டு ஆடாமல் உட்கார வேண்டும். 2021-ல் அந்த விதி தளர்ந்தது. ஒருமுறை மாறினால் உடனே ஆடலாம். 2024-ல் நீதிமன்ற வழக்குகளுக்குப் பின், எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம் என்றானது.

கூடவே பணமும் வந்தது. 2021 ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயர், படம் ஆகியவற்றை வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூலை முதல் கல்லூரிகளே நேரடியாகப் பங்கு கொடுக்கலாம். முதல் ஆண்டுக்கு உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர். பெரிய தொகுதிக் கல்லூரிகள் அந்த உச்சத்தைத் தொடலாம். மாணவர் கட்டணத்தில் ஓடும் கல்லூரி எங்கே போகும்?

விளைவு: சிக்னெட்டியின் பின்னால் 13 வீரர்கள் ஜே.எம்.யூ.விலிருந்து இண்டியானாவுக்குப் போனார்கள். 2023-ல் 3 வெற்றி, 9 தோல்வி என்றிருந்த இண்டியானா, 2024-ல் 11 ஆட்டங்களை வென்றது. 2025 சீசனில் ஒரு தோல்விகூட இல்லாமல், 16-0 என தேசிய சாம்பியன். தோல்விக்கே பேர்போன கல்லூரி அது. அந்தக் கோப்பையில் ஹாரிசன்பர்க்கின் உழைப்பும் இருக்கிறது. ஆனால் ஹாரிசன்பர்க்கின் பெயர் இல்லை.

‘சின்ன அணிகளுக்கு இடமே வேண்டாம்’ என்கிறார்களே?

ஃபுட்பாலின் தேசிய பிளே-ஆஃபில் 2024 முதல் 12 அணிகள் ஆடுகின்றன. 2025 சீசன் வரை அதில் தரவரிசையில் முன்னிலையில் இருந்த ஐந்து தொகுதிச் சாம்பியன்களுக்கு இடம் உறுதியாக இருந்தது. 2025-ல் ஏ.சி.சி. பட்டத்தை ஐந்து தோல்விகளோடு டியூக் வென்றதால், அதைவிட முன்னிலையில் இருந்த சன் பெல்ட் சாம்பியன் ஜே.எம்.யூ.வுக்கு வழி திறந்தது. சின்ன தொகுதியிலிருந்து டுலேனும் உள்ளே வந்தது. 10 ஆட்டங்களில் வென்ற நோட்டர்டேமுக்கு இடமில்லை. உடனே கூச்சல் கிளம்பியது.

முடிவுகளும் உதவவில்லை. ஜே.எம்.யூ. 51-34 என ஒரேகானிடம் தோற்றது. டுலேன் 41-10 என ஓல் மிஸ்ஸிடம் தோற்றது. ‘பார்த்தீர்களா, இவர்களுக்குத் தனியாக ஒரு போட்டி வைத்துவிடலாம்’ என்ற பேச்சு வலுத்தது.

இந்த வாதம் நிற்காது. அதே பிளே-ஆஃபில், அடுத்த சுற்றில், இண்டியானாவிடம் அலபாமா 38-3 எனத் தோற்றது. ஃபுட்பாலில் அலபாமாவைவிடப் பெரிய பெயர் அரிது. 35 புள்ளி வித்தியாசம்! ஜே.எம்.யூ. தோற்றது 17 புள்ளியில். அலபாமாவுக்குத் தனிப் போட்டி வைக்கலாம் என்று யாராவது சொன்னார்களா? பெரிய அணி தோற்றால் ‘மோசமான நாள்’. சின்ன அணி தோற்றால் ‘தகுதி இல்லை’.

இன்னொன்றும் யோசிக்க வேண்டும். ஜே.எம்.யூ.வின் பயிற்சியாளரும் வீரர்களும் நிலைத்திருந்தால் எவ்வளவு தூரம் போயிருப்பார்கள் என்பதற்கு விடை நம் கண்முன் இருக்கிறது, இண்டியானா சட்டையில். ஒரு பக்கம் ஆட்களை எடுத்துக்கொண்டு, மறுபக்கம் ‘உங்களிடம் ஆள் இல்லை’ என்று சொல்வது என்ன நியாயம்?

ஜே.எம்.யூ. மட்டும் ரொம்ப யோக்கியமா?

இதை நம்ம ஆட்கள் பேச விரும்ப மாட்டார்கள். ஆனாலும் பேசித்தான் ஆக வேண்டும். சிக்னெட்டி ஜே.எம்.யூ.வுக்கு எங்கிருந்து வந்தார்? ஈலான் பல்கலைக்கழகத்திலிருந்து. செஸ்னி ஹோலி கிராஸிலிருந்து. பையிங்டனின் இடத்துக்கு வந்த பிரெஸ்டன் ஸ்ப்ராட்லின் மோர்ஹெட் ஸ்டேட்டிலிருந்து. நம்மைவிடச் சின்ன கல்லூரிகளுக்கு நாம்தான் பெரிய மீன்.

வீரர்களிலும் அப்படியே. இண்டியானாவின் நட்சத்திரமான இலைஜா சராட், ஜே.எம்.யூ.வுக்கு முன் ஆடியது பென்சில்வேனியாவின் செயிண்ட் பிரான்சிஸ் பல்கலைக்கழகத்தில். அங்கே ஓர் ஆண்டு, ஜே.எம்.யூ.வில் ஓர் ஆண்டு, பிறகு இண்டியானா. அவர் ஏறிய ஏணியின் கீழ்ப்படிக்கு என்ன ஆனது தெரியுமா? 2025 மார்ச்சில் செயிண்ட் பிரான்சிஸின் கூடைப்பந்து அணி என்.சி.ஏ.ஏ. போட்டியில் ஆடியது. ஆடி முடித்த சில நாட்களிலேயே, முதல் பிரிவை விட்டு மூன்றாம் பிரிவுக்கு இறங்குவதாகக் கல்லூரி அறிவித்தது. ‘மேஜர்’, ‘மைனர்’ சண்டையில் உண்மையில் அடிபடுவது இவர்கள்தான்.

என்னதான் வழி?

வீரர்களைப் பழையபடி கட்டிப்போடுவது தீர்வல்ல. அவர்களுக்குக் கிடைப்பது நாலைந்து ஆண்டுதான். முழங்கால் ஒருமுறை போனால் எல்லாம் போச்சு. சம்பாதிக்கக் கிடைத்த வாய்ப்பை விடச் சொல்ல நமக்கு உரிமையில்லை. ரசிகர்கள் போகிற பையனைத் திட்டுவதை முதலில் நிறுத்த வேண்டும்.

ஆனால் வளர்த்தவருக்குப் பங்கு கொடுக்கலாம். உலகக் கால்பந்தில் இதற்கு முன்மாதிரி உண்டு. ஒப்பந்தத்தில் உள்ள வீரரை வேறு நாட்டு கிளப் விலை கொடுத்து வாங்கினால், அந்தத் தொகையில் 5 சதவீதம், 12 முதல் 23 வயது வரை அவரை வளர்த்த கிளப்களுக்குப் பிரித்துத் தர வேண்டும் என்பது ஃபிஃபா விதி. பயிற்சியாளர் இடையில் கிளம்பினால் அமெரிக்கக் கல்லூரிகளும் ஒப்பந்தப்படி இழப்பீடு வாங்குகின்றன. வீரருக்கு மட்டும் வளர்த்த கல்லூரிக்கு ஏன் ஒன்றுமே இல்லை?

சிக்கல்கள் உண்டு. கல்லூரி வீரர்கள் கிளப் வீரர்களைப் போல ஒப்பந்த ஊழியர்கள் அல்ல. வீரர்கள் இடம் மாறுவதற்குத் தடையாக எது வந்தாலும் அமெரிக்க நீதிமன்றங்கள் சந்தேகத்தோடுதான் பார்க்கின்றன. அதனால் வீரரின் பங்கில் கை வைக்காமல், பெரிய தொகுதிகளின் தொலைக்காட்சிப் பணத்திலிருந்து ஒரு பொது நிதி ஒதுக்கி, அதிலிருந்து வளர்த்த கல்லூரிகளுக்குத் தருவதுதான் சரியாக இருக்கும் என்பது என் கருத்து.

அப்படி ஒரு விதி வந்தால் ஜே.எம்.யூ.வுக்கு இண்டியானா கணக்கில் பணம் வரும். சராட்டுக்காக செயிண்ட் பிரான்சிஸுக்கும் ஒரு பங்கு போகும். அதை மனசார ஏற்றுக்கொண்டால்தான் நாம் கேட்பது நியாயம். இல்லையென்றால் வெறும் புலம்பல்.

இனி?

செஸ்னி போன இடத்துக்கு, ஃபுளோரிடாவில் வேலை இழந்த பில்லி நேப்பியர் வந்திருக்கிறார். இதே சன் பெல்ட்டில் லூசியானாவை வளர்த்து, அந்த வெற்றியால் ஃபுளோரிடாவுக்குப் போனவர் அவர். அவர் ஜெயித்தால் மீண்டும் யாராவது வருவார்கள், அழைத்துப் போவார்கள். தெரிந்தேதான் இருக்கிறோம்.

அதற்காக ஜெயிக்காமல் இருக்க முடியுமா? பிரிட்ஜ்ஃபோர்த் மைதானத்தில் ஜே.எம்.யூ. முதல் புள்ளி எடுத்ததும் ஊதா, மஞ்சள் காகிதச் சுருள்கள் பறக்கும். பயிற்சியாளர் யார், எத்தனை நாள் இருப்பார் என்று பார்த்து யாரும் வீசுவதில்லை. சட்டையில் எழுதியிருக்கும் பெயருக்காக வீசுகிறார்கள். அந்த ஊருக்கு பிளே-ஆஃபில் ஒரு கதவு திறந்தே இருக்க வேண்டும். சின்ன அணிகளின் ரசிகர்கள் கேட்பது சலுகை அல்ல, அந்த ஒரு கதவுதான்.