பழைய பிக்கப் வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்!

ரிங்லெட்டில் விடியும் முன்பே முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றிய வாகனங்கள் தோட்டத்து மண் பாதையிலிருந்து பெரிய சாலைக்கு ஏறிவிடுகின்றன. அதே வாகனம்தான் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிடும். திருவிழா நாளில் குடும்பத்தைக் கோவிலுக்குக் கொண்டு செல்வதும் அதுதான். புதிய பிக்கப் வாங்க ஏறக்குறைய ஒரு லட்சம் வெள்ளி வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெற்றவரின் சேமநிதிப் பணம் அதற்குக் காணுமா? ஆகவே, நம்மவர்கள் பழைய வாகனத்தைத் தேடுகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால், பளபளக்கும் சாயத்தைப் பார்த்து ஏமாந்தால், இருந்த சேமிப்பும் பட்டறைக்கே போய்விடும்.

கேமரன் மலை என்றாலே பழைய லேண்ட் ரோவர் நினைவுக்கு வரும். 1948-இல் அறிமுகமான இந்த வாகனத்தின் மேல்தகடுகள் அலுமினியக் கலவையால் ஆனவை, எளிதில் துருப்பிடிக்காது. ஆனால், அதைத் தாங்கும் அடிச்சட்டம் இரும்பு. மழையும் சேறும் ஓயாத மலையில் துரு அங்கேதான் ஒளிந்திருக்கும். எனவே, கதவைத் தட்டிப் பார்ப்பதை விட வாகனத்தின் அடியில் குனிந்து பார்ப்பது முக்கியம். புதிதாகக் கறுப்புச் சாயம் பூசிய சட்டம் என்றால் இன்னும் கவனம் தேவை.

மற்றொன்றும் உண்டு. சில பழைய வாகனங்களின் கதவில் ‘கேமரன் மலையில் மட்டும் பயன்படுத்த’ என்று மலாயில் எழுதியிருக்கும். விலை மலிவு என்று அதை வாங்கிவிட்டு, தாப்பாவுக்கோ ஈப்போவுக்கோ சரக்கு ஏற்றிப் போகலாம் என்று கணக்குப் போடக் கூடாது. வாகனம் எந்தப் பயன்பாட்டுக்குப் பதிவாகியிருக்கிறது என்பதைச் சாலைப் போக்குவரத்து இலாகாவில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.

டீசல் இயந்திரத்தைக் குளிர்ந்த நிலையில் முடுக்கிப் பார்ப்பதே நல்லது. விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால், “நாளைக் காலையில் வருகிறேன்” என்று சொல்லிவிடுங்கள். மலைக் குளிரில் முதலில் சிறிது வெண்புகை வருவது இயல்பு. அது நிற்காமல் வந்தால் கோளாறு. நீலப் புகை என்றால் இயந்திர எண்ணெய் எரிகிறது. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்ததும் காற்று வேகமாகப் பீறிட்டால், உள்ளே பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கலாம். அதைச் சரிசெய்யும் செலவு சிறியதல்ல.

ரிங்லெட்டிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் சாலை ஏறக்குறைய 45 கிலோமீட்டர். வளைவுக்கு மேல் வளைவு. அங்கே பாரத்தோடு இறங்கும் வாகனத்துக்குப் பிரேக்கும் குறைந்த கியரும்தான் உயிர். ஆகவே, சமதரையில் ஓட்டிப் பார்த்தால் போதாது. மேட்டிலும் பள்ளத்திலும் ஓட்டிப் பாருங்கள். நான்கு சக்கர இயக்கம் உண்மையில் வேலை செய்கிறதா என்பதை மண் பாதையில் சோதிக்க வேண்டும். பின்பக்கம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் பட்டை வில்கள் களைத்துவிட்டன என்று பொருள்.

2013 அக்டோபரில் பெர்த்தாம் வேலியில் புகுந்த சேற்று வெள்ளத்தை இந்த வட்டாரம் மறக்கவில்லை. வெள்ளத்தில் மூழ்கிய வாகனம் எந்த ஊரிலிருந்தும் கழுவித் துடைக்கப்பட்டு விற்பனைக்கு வரலாம். இருக்கைப் பட்டையை முழுவதும் இழுத்துப் பாருங்கள். கால்விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். சேற்றின் கறை அங்கே தங்கியிருக்கும்.

பெயர் மாற்றத்துக்கான பி5 பரிசோதனையில் தேறியதே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். வாகனத்தின் அடையாள எண்களையும் பாதுகாப்பையும் அது பார்க்கிறது. இயந்திரம் இன்னும் எத்தனை வருடம் ஓடும் என்று அது உத்தரவாதம் தருவதில்லை. நம்பிக்கையான பட்டறைக்காரர் ஒருவரைக் கையோடு அழைத்துச் செல்வதே சிறந்தது.

இனி, பணக் கணக்கு. கையில் 25,000 வெள்ளி இருந்தால் 20,000 வெள்ளிக்குள் வாகனம் பாருங்கள். மீதி 5,000 டயர், பேட்டரி, பிரேக், கிளட்ச், காப்புறுதி என்று கரைந்துவிடும். டீசலையும் மறக்கக் கூடாது. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் உதவித்தொகை நீக்கப்பட்டபோது, லிட்டர் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசாக உயர்ந்தது. மாதம் 160 லிட்டர் ஊற்றும் குடும்பத்துக்கு அது ஒன்றே 192 வெள்ளி கூடுதல் சுமை. தகுதி உள்ளவர்களுக்கு அரசாங்கம் ‘புடி மடானி’ திட்டத்தில் ரொக்க உதவி அறிவித்தது. தகுதி இருக்கிறதா என்று விசாரித்துப் பார்க்கலாமே!

தவணையில் வாங்குபவர்கள் மாதத் தொகையை மட்டும் பார்க்கக் கூடாது. கடைசித் தவணை வரை மொத்தம் எவ்வளவு கட்டுகிறோம் என்று கேளுங்கள். 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்தின் கீழான ஒப்பந்தத்தில், தொடர்ந்து இரண்டு தவணை தவறினால், எழுத்துப்பூர்வ அறிவிப்பு கொடுத்து வாகனத்தைப் பறிமுதல் செய்ய முடியும். 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டிவிட்டால் நீதிமன்ற உத்தரவு தேவை. இந்த உரிமை தெரியாததால் சாவியை நீட்டிவிட்டு வந்தவர்கள் நம்மிடையே உண்டு.

மழைக்காலத்தில் காய்கறி விலை சரிந்தால் தவணையை எப்படிக் கட்டுவது? இந்தக் கேள்விக்குக் கணவனும் மனைவியும் உட்கார்ந்து காகிதத்தில் பதில் எழுதட்டும். பதில் கிடைத்தால் வாகனம் வாங்கலாம். கிடைக்காவிட்டால் இன்னும் ஆறு மாதம் சேமிக்கலாம். அதுவரை அண்டை வீட்டாரோடு வாடகையைப் பங்கிட்டுச் சரக்கு அனுப்புவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.