குழந்தை பிறந்ததும் கேட்க வேண்டிய கேள்விகள்

இறைவன் மனிதருக்கு அருளும் பேறுகளுள் மக்கட்பேறே தலையாயது என்பர் பெரியோர். அப்பேறு நம் கைக்கு வந்து சேர்ந்த முதல் சில மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? மதுரை அரசு இராசாசி மருத்துவமனையானாலும் சரி, கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையமானாலும் சரி, பிரசவ அறைக் கதவு திறந்ததும் வெளியே காத்திருக்கும் உறவினர் கேட்பது ஒரே கேள்விதான்: "ஆணா, பெண்ணா?" அறைக்குள் இருக்கும் செவிலியர் கேட்டுக்கொள்ளும் கேள்விகளோ வேறு. குழந்தை மூச்சு விடுகிறதா? உடல் கதகதப்பாக இருக்கிறதா? பால் குடித்ததா? இக்கேள்விகளின் காரணங்களை இக்கட்டுரையில் காண்போம்.

சங்க இலக்கியத்தில் தலைவியை வளர்க்கும் தாய்க்குச் செவிலித்தாய் என்று பெயர். பெற்றவள் அல்லள்; ஆயினும் கண்ணிமைபோல் காப்பவள். இன்று நர்சுகளைச் செவிலியர் என்று நாம் அழைப்பது எவ்வளவு பொருத்தம்!

செவிலியர் கேட்கும் முதல் கேள்வி மூச்சைப் பற்றியது. கருப்பையில் இருக்கும் வரை குழந்தையின் நுரையீரலில் காற்று இல்லை, நீரே நிறைந்திருக்கும். வேண்டிய ஆக்சிஜன் தாயிடமிருந்து தொப்புள்கொடி வழியாக வருகிறது. பிறந்தவுடன் அந்நீர் விலகிக் காற்று உட்புக வேண்டும். அதன் அறிகுறியே முதல் அழுகை. உலகத்தில் ஒருவர் அழுவதைக் கேட்டு எல்லாரும் மகிழ்வது அந்த ஒரு முறைதான்! குழந்தை நன்றாக அழுதால் தொப்புள்கொடியை உடனே வெட்டாமல் ஒன்று முதல் மூன்று நிமிடம் வரை பொறுப்பார்கள். அந்நேரத்தில் தாயின் நஞ்சுக்கொடியில் உள்ள இரத்தம் குழந்தைக்குச் சென்று சேரும். பின்னாளில் இரத்தசோகை வராமல் அது காக்கும்.

குழந்தையின் நிலையை அளக்க ஓர் எளிய மதிப்பெண் முறை உண்டு. அமெரிக்க மயக்க மருந்து மருத்துவரான வர்ஜீனியா ஆப்கார் என்ற அம்மையார் 1952ஆம் ஆண்டில் இதனை வகுத்தார். தோலின் நிறம், இதயத் துடிப்பு, தூண்டினால் முகம் சுளித்தல், கைகால்களின் உறுதி, மூச்சு ஆகிய ஐந்திற்கும் 0, 1, 2 என மதிப்பெண் இடுவர். பிறந்த ஒரு நிமிடத்திலும் ஐந்து நிமிடத்திலும் இவ்வாறு பார்ப்பர். 7 அல்லது அதற்கு மேல் பெற்றால் குழந்தை நலம். பெரும்பாலான குழந்தைகள் முதல் நிமிடத்தில் பத்துக்குப் பத்து வாங்குவதில்லை; கைகால்கள் சற்று நீலமாக இருப்பதால் ஒரு மதிப்பெண் குறைந்துவிடும். பரீட்சையில் ஒரு மதிப்பெண் குறைந்தால் வருந்தும் நமக்கு இது நல்ல ஆறுதல் அன்றோ! ஆனால் மூச்சு விடாத குழந்தைக்கு மதிப்பெண் போடும் வரை யாரும் காத்திருப்பதில்லை. உடனே துடைத்து, முதுகைத் தேய்த்து, வேண்டுமானால் முகமூடிப் பையால் காற்றூட்டுவார்கள்.

இரண்டாம் கேள்வி சூட்டைப் பற்றியது. நம் மதுரை வெயிலில் குழந்தைக்குக் குளிருமா என்று நாம் நினைக்கலாம். ஆனால் ஒன்பது மாதம் தாயின் உடற்சூட்டில் இருந்த குழந்தை, ஈரத்தோடு மின்விசிறிக் காற்றுக்கு வருகிறது. ஈரம் உலரும்போது உடற்சூட்டையும் கொண்டுபோய்விடும். ஆகவே உலர்ந்த துணியால் துடைத்து, தாயின் வெறும் மார்பின்மேல் கிடத்தி, இருவரையும் சேர்த்துப் போர்த்தி, தலைக்குக் குல்லாய் அணிவிப்பர். குழந்தையின் உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். குளிப்பாட்டுவதற்குக் குறைந்தது 24 மணி நேரமாவது பொறுக்க வேண்டும். உடலில் மாவு பூசினாற்போல் இருக்கும் வெண்பூச்சு அழுக்கன்று. தோலைக் காக்கும் கவசம். மாட்டுத் தொழுவத்தில் பிறந்த இயேசு பாலனை அன்னை மரியாள் துணிகளில் பொதிந்து வைத்தாள் என்று நாம் அறிவோம். ஏழைத் தாயாலும் செய்யக்கூடிய முதல் சிகிச்சை அதுவே.

மூன்றாம் கேள்வி பாலைப் பற்றியது. பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் கொடுக்க வேண்டும். முதலில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டிய காலம் ஒன்று இருந்தது. நோயை எதிர்க்கும் பொருள்கள் மிகுதியாக இருப்பது அதில்தான். சில தேக்கரண்டி அளவே சுரந்தாலும் குழந்தையின் சின்னஞ்சிறு வயிற்றுக்கு அது போதும்.

இங்கே நம் ஊர் வழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். குடும்பத்தில் நல்ல குணமுள்ள பெரியவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ குழந்தையின் நாவில் தொட்டு வைப்பார். இதனைச் சேனை வைத்தல் என்பர். வைத்தவரின் குணம் குழந்தைக்கு வரும் என்பது நம்பிக்கை. அதன் பின்னுள்ள அன்பை நாங்கள் குறை கூறவில்லை. ஆனால் விரலிலும் தண்ணீரிலும் உள்ள கிருமிகள் குழந்தைக்கு நோய் தரும். தேனோ ஒரு வயது வரை ஆகவே ஆகாது. அதிலிருக்கக்கூடிய ஒருவகை நுண்கிருமியின் நஞ்சு குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். பெரியவர் தம் கையைத் தலையில் வைத்து ஆசீர்வதித்தாலே நற்குணம் வந்துவிடாதா?

இம்மூன்றும் முடிந்தபின் செவிலியர் எடை பார்ப்பர். இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்தால் தனிக் கவனம் வேண்டும். முதல் சில நாட்களில் எடை சிறிது குறைவது இயல்பு. இரண்டு வாரத்திற்குள் மீண்டும் ஏறிவிடும். பின்னர் தலை முதல் கால் வரை பார்ப்பர். உச்சிக்குழி, வாயின் அண்ணம், முதுகெலும்பு, ஆசனவாய், பாதங்கள் என ஒவ்வொன்றாகச் சோதிப்பர். நிமிடத்திற்கு எத்தனை முறை மூச்சு விடுகிறது என்று எண்ணுவர். 60க்கு மேல் போனால் ஆபத்து. இரத்தக் கசிவைத் தடுக்க வைட்டமின் கே ஊசியைத் தொடையில் போடுவர். காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசியும், போலியோ சொட்டு மருந்தும், 24 மணி நேரத்திற்குள் மஞ்சள்காமாலை 'பி' வகைத் தடுப்பூசியும் தருவர்.

உற்றுப் பார்க்கும் கண் எத்துணை மதிப்புடையது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1956ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் பணியாற்றிய சிஸ்டர் வார்டு என்ற செவிலியர், குழந்தைகளை வெளியே இளவெயிலில் வைத்திருப்பார். மஞ்சள் படர்ந்த ஒரு குழந்தையின் உடலில் வெயில் பட்ட இடம் வெளுத்தும், துணி மூடிய இடம் மஞ்சளாகவும் இருப்பதைக் கண்டு மருத்துவர்களிடம் கூறினார். அதிலிருந்தே நீல ஒளி விளக்கின்கீழ் கிடத்திக் குழந்தையின் மஞ்சளைக் குறைக்கும் சிகிச்சை பிறந்தது. அதற்காக வீட்டு வெயிலே போதும் என்று இருந்துவிடக் கூடாது. இரண்டாம் மூன்றாம் நாளில் இலேசாகத் தோன்றும் மஞ்சள் பெரும்பாலும் தானே மறையும். முதல் நாளே தோன்றினாலும், உள்ளங்கை உள்ளங்கால் வரை பரவினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வீட்டிற்கு வந்தபின் நாம் செய்ய வேண்டுவன சிலவே. தொப்புளில் சாம்பல், மஞ்சள், எண்ணெய் எதையும் இடாமல் உலர்வாக விட்டுவிட்டால் ஓரிரு வாரத்தில் தானே விழுந்துவிடும். சுத்தமில்லாத தொப்புள்கொடி வழியாக வந்த இரணஜன்னி ஒரு காலத்தில் எண்ணற்ற சிசுக்களைக் கொண்டுபோனது. தாய்மாருக்குத் தடுப்பூசியும் தூய்மையான பிரசவமும் கிடைத்ததால், 2015ஆம் ஆண்டில் இந்தியா சிசுக்களின் இரணஜன்னியை ஒழித்த நாடாக அறிவிக்கப்பட்டது. காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவதும், வாயால் ஊதிச் சளி எடுப்பதும், சாம்பிராணிப் புகை போடுவதும் வேண்டாம். ஆயினும் அப்பத்தாக்களும் அம்மாச்சிகளும் சொன்னவை யாவும் தவறல்ல. தாயையும் சேயையும் தனி அறையில் வைத்துப் பலரும் வந்து தொடாமல் காத்ததும், துவைத்துத் துவைத்து மென்மையான பழைய நூல்சேலையில் குழந்தையைச் சுற்றியதும் செவிலியரும் ஒப்பும் முறைகளே.

குழந்தை பால் குடிக்க மறுத்தல், வலிப்பு, மூச்சு வாங்குதல், நெஞ்சு உட்குழிதல், உடல் சுடுதல் அல்லது சில்லிடுதல், அசைவின்றித் துவண்டு கிடத்தல் ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். இவற்றுள் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திராமல் 108ஐ அழைக்க வேண்டும்.

இனி, வாசலில் நின்று கேட்ட அந்தக் கேள்விக்கு வருவோம். மதுரையிலிருந்து தேனி செல்லும் சாலையில் உள்ளது உசிலம்பட்டி. 1986ஆம் ஆண்டில் அவ்வட்டாரத்தின் பெண் சிசுக்கொலையைப் பற்றி ஓர் ஆங்கில இதழ் எழுதியபோது நாடே அதிர்ந்தது. அச்சிசுக்களுக்கு மூச்சில் குறையில்லை, எடையில் குறையில்லை. "பெண்" என்ற விடை ஒன்றே அவர்களுக்கு எமனாயிற்று. 1992ஆம் ஆண்டில் தமிழக அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. 2001ஆம் ஆண்டில் அது நம் மதுரைக்கும் வந்தது. வேண்டாத பெண் மகவைக் கொல்லாதீர், தொட்டிலில் இட்டுச் செல்லுங்கள் என்று ஓர் அரசு தாய்மாரைக் கேட்க நேர்ந்தது. கருவிலேயே ஆணா பெண்ணா என்று கண்டறிந்து சொல்வதை 1994ஆம் ஆண்டின் சட்டம் குற்றமாக்கியது.

செவிலியரின் குறிப்பேட்டில் ஆணுக்கு ஒரு மதிப்பெண், பெண்ணுக்கு ஒரு மதிப்பெண் என்று இல்லை. ஐந்து அறிகுறிகளும் இருவருக்கும் ஒன்றே. சூடும் பாலும் ஊசியும் ஒன்றே. எனவே தோழியரே, நம் வீட்டில் அடுத்த குழந்தை பிறந்தது என்ற செய்தி வரும்போது, "நன்றாக அழுததா? பால் குடித்ததா? அம்மா நலமா?" என்று முதலில் கேட்போம். நாம் கேட்கத் தொடங்கினால் நம் வீட்டுப் பெரியவர்களும் கேட்பார்கள். அக்கேள்விகளோடு வரவேற்கப்படும் குழந்தை, ஆணாயினும் பெண்ணாயினும், நலமுடன் வளரும்.