கார் பேட்டரி: நீண்ட ஆயுள் கடையில் பாதி, நம் கையில் பாதி

போன வருஷம் ஆடி மாசத்தில் ஒரு ராத்திரி, மணி இரண்டரை. "அப்பாவுக்கு மூச்சு வாங்குதுடா" என்று அம்மா வந்து எழுப்பினாங்க. அப்பாவைக் கைத்தாங்கலாகக் கீழே கூட்டிவந்து காரில் உட்கார வைத்துச் சாவியைத் திருப்பினேன். டக், டக், டக். செல்ஃப் எடுக்கவில்லை. டாஷ்போர்டு விளக்கும் மங்கி அணைந்தது.

சத்தம் கேட்டு முழித்த எதிர் வீட்டு அண்ணன், "தம்பி, என் வண்டில ஏத்துங்க" என்றார். அப்பா இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் அந்த இரண்டு நிமிஷம் என்னால் மறக்க முடியவில்லை. ஏனென்றால் அந்த பேட்டரிக்கு வயது 26 மாதம்தான். அதற்கு முன்னால் இருந்த, அதே 35 ஏஎச் பேட்டரி ஐந்து வருஷம் உழைத்தது. வண்டி அதேதான், ஊர் அதே சென்னைதான். பிறகு ஏன் இப்படி? தொழிலில் நான் மென்பொருள்காரன். ஒரு பிழை எதனால் வந்தது என்று தெரியாமல் அதை மூடிவைக்க மனசு வராது. அப்படித் தேடியதில் கிடைத்ததுதான் இந்தக் குறிப்பு.

பேட்டரி எப்படிச் சாகிறது?

1859-ல் காஸ்டன் பிளாண்டே என்ற பிரெஞ்சுக்காரர் உருவாக்கிய ஈய-அமில பேட்டரிதான் இன்றும் நம் பானெட்டுக்குள் இருக்கிறது. உள்ளே ஆறு செல். ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். ஆக மொத்தம் 12.6. மின்சாரம் எடுக்கும்போது இரண்டு பக்கத் தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது, அமிலம் நீர்த்துப்போகிறது. சார்ஜ் ஏறும்போது இதெல்லாம் பழையபடி மாறுகிறது.

சாவு இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, வெயில். பாசிட்டிவ் தகட்டைத் தாங்கும் ஈயச் சட்டம் மெல்ல அரிக்கப்படுகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த மாதிரி வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்கள் கணக்கு. குளிர்தான் பேட்டரியைக் கொல்லும் என்று நிறைய பேர் நினைக்கிறாங்க. உண்மையில் கொல்வது வெயில். குளிர் காலை அதைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது, பட்டினி. அரைகுறை சார்ஜோடு வாரக்கணக்கில் நின்றால், தகட்டில் படிந்த சல்பேட் கெட்டிப் படிகமாகிவிடும். அப்புறம் சார்ஜ் போட்டாலும் முழுசாகக் கரையாது. அந்த அளவுக்கு கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும்.

வெயிலை நான் மாற்ற முடியாது. என் பேட்டரி பட்டினி கிடந்ததா என்று பார்த்தேன்.

கணக்கு போட்டுப் பார்த்தால்

"சின்னச் சின்னப் பயணம் போனால் பேட்டரி போயிடும், ஸ்டார்ட் பண்றதுக்கே நிறைய கரண்ட் இழுக்கும்" என்று சொல்வாங்க. ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் இழுக்கிறது, இரண்டு விநாடி ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 0.11 ஏஎச்தான். 35-ல் இது ஒன்றுமே இல்லை. வண்டி கிளம்பிய சில நிமிஷத்தில் ஆல்டர்னேட்டர் அதை ஈடுகட்டிவிடும்.

அப்படியென்றால் திருடன் யார்? வண்டி பூட்டி நிற்கும்போது சொட்டுச் சொட்டாகப் போகும் கரண்ட். அலாரம், கடிகாரம், கம்ப்யூட்டர் நினைவகம் எல்லாம் சேர்ந்து 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இழுப்பது சகஜம். நான் நெகட்டிவ் வயரைக் கழற்றி, நடுவில் மல்டிமீட்டரை ஆம்பியர் அளவில் மாட்டி, வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் கழித்துப் பார்த்தேன். 90 மில்லி ஆம்பியர் காட்டியது. நான் ஆசைப்பட்டு மாட்டிய ஜிபிஎஸ் டிராக்கரைக் கழற்றியதும் 30-க்கு இறங்கியது. (மீட்டர் இப்படி நடுவில் இருக்கும்போது சாவியைத் திருப்பிவிடாதீர்கள். மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும்.)

90 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 2.16 ஏஎச். அந்த ராத்திரிக்கு முன் 12 நாளாக வண்டியை நான் எடுக்கவே இல்லை, வீட்டிலிருந்தே வேலை. 12 நாளைக்குக் கிட்டத்தட்ட 26 ஏஎச். இரண்டு வருஷமாக இதே கதை நடந்திருக்கிறது. வாரம் ஒருமுறை காய்கறிக் கடை வரை போய்வருவேன். அது போதாது. ஏனென்றால் பேட்டரி முதல் பாதியை வேகமாக வாங்கிக்கொள்ளும், கடைசி 20 சதவீதத்தை ஏற்றப் பல மணி நேரம் எடுக்கும். பழைய பேட்டரி ஐந்து வருஷம் வந்ததற்குக் காரணம் கம்பெனி இல்லை. நான் தினமும் ஆபீஸுக்கு ஒரு மணி நேரம் ஓட்டினேன், அதுதான்.

கடையில் என்ன பார்க்கணும்?

இருந்தாலும் புது பேட்டரி வாங்கியே ஆகணும். இந்த முறை இந்த வரிசையில் பார்த்தேன்.

முதலில் அளவு. ஜப்பானிய முறையில் 38பி20எல் என்று போட்டிருந்தால், 38 திறன் எண், 'பி' அகல-உயர வகை, 20 என்பது நீளம் சுமார் 20 செ.மீ., 'எல்' என்பது டெர்மினல் எந்தப் பக்கம் என்பது. கடைசி எழுத்து மாறினால் வயர் எட்டாது. பழைய பேட்டரியைப் படம் எடுத்துக்கொண்டு போங்க.

இரண்டாவது வகை. சிக்னலில் தானே அணைந்து தானே கிளம்பும் ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டிக்கு இஎஃப்பி அல்லது ஏஜிஎம் பேட்டரி இருக்கும். அதற்குப் பதில் விலை குறைவு என்று சாதாரண பேட்டரி போட்டால் சீக்கிரமே படுத்துவிடும். வந்த வகையையே போடுங்க.

மூன்றாவது, ஏஎச்சும் சிசிஏவும். சிசிஏ என்பது மைனஸ் 18 டிகிரியில் 30 விநாடி எவ்வளவு ஆம்பியர் தரும் என்ற அளவு. சென்னையில் அந்தக் குளிருக்கு வாய்ப்பே இல்லை. வண்டியின் கையேடு கேட்கும் சிசிஏ இருந்தால் போதும், அதற்கு மேல் காசு கொடுக்கத் தேவையில்லை. வண்டி அதிகம் நின்றே இருக்கும் என்றால் ஏஎச்தான் முக்கியம். "பெரிய பேட்டரி போட்டா ஆல்டர்னேட்டர் போயிடும்" என்பதும் பொதுவாக மிகை. எடுத்த அளவுதான் திரும்ப ஏற்றணும். ஆனால் தட்டில் சரியாக உட்காரணும், கையேட்டில் அனுமதி இருக்கணும்.

நான்காவது, தயாரித்த தேதி. போன முறை நான் தவறவிட்டது இதைத்தான். பழைய பில்லையும் பேட்டரி மேல் இருந்த குறியீட்டையும் ஒப்பிட்டால், நான் வாங்கும்போதே அதற்கு ஒன்பது மாத வயது. அலமாரியில் சும்மா இருந்தாலும் மாதாமாதம் கொஞ்சம் சார்ஜ் இறங்கும். மூன்று மாதத்துக்குள் தயாரானதைக் கேளுங்க. கடையிலேயே வோல்ட் பார்க்கச் சொல்லுங்க, 12.6-க்குப் பக்கத்தில் இருக்கணும்.

ஐந்தாவது, வாரண்டி. எனக்கு இரண்டு விலை சொன்னாங்க. 3,900 ரூபாய்க்கு 36 மாதம், 5,100 ரூபாய்க்கு 60 மாதம். அட்டையைப் படித்தால் முதலாவது 18+18, இரண்டாவது 30+30. முதல் பாதியில் போனால்தான் இலவச மாற்று. இரண்டாம் பாதியில் புது பேட்டரி விலையில் தள்ளுபடி மட்டும். அதனால் இலவச மாதத்தை மட்டும் வைத்து வகுத்தேன். முதலாவது மாதம் 217 ரூபாய், இரண்டாவது 170. இரண்டாவதை எடுத்தேன். ஒன்று ஞாபகம் வையுங்க: வாரண்டி பொதுவாகத் தயாரிப்புக் குறைக்குத்தான். பட்டினி போட்டுக் கெடுத்ததற்கு இல்லை.

பழைய பேட்டரியைக் கடையிலேயே எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடுங்க. உள்ளே இருப்பது ஈயம். தெருவில் உடைத்து உருக்கினால் அது குழந்தைகளின் மூளைக்குத்தான் போகும்.

வீட்டில் என்ன செய்யணும்?

டிராக்கரைச் சாவி திருப்பினால் மட்டும் ஓடும் இணைப்புக்கு மாற்றினேன். வாரம் ஒருமுறை முக்கால் மணி நேரம் ஓட்டுகிறேன். நின்ற இடத்தில் பத்து நிமிஷம் இன்ஜினை உறும விடுவது பெட்ரோல் வீண். மாதம் ஒருமுறை, ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் மல்டிமீட்டர் வைக்கிறேன். 12.6 என்றால் நிறைவு, 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 12.4-க்குக் கீழே போனால் சார்ஜர் போட்டுவிடுவேன். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வரணும். வராவிட்டால் கோளாறு ஆல்டர்னேட்டர் பக்கம் இருக்கலாம், புது பேட்டரி வாங்கியும் பிரயோஜனம் இல்லை.

இன்று காலை பார்த்தேன், 12.6. அப்பா பக்கத்தில் நின்று, "தினமும் எனக்கு பிரஷர் பாக்குற மாதிரி இதுக்கும் பாக்குறியாடா?" என்றார். ஆமாம்ப்பா, இரண்டும் ஒரே காரணத்துக்காகத்தான்.