யார் சொல்லி வந்தே தம்பி?

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ரயிலேறி தாதரில் இறங்கும் பையனுக்கு ஒரு காலத்தில் பம்பாயில் இரண்டு தேவைப்பட்டன. தாராவியில் தலைசாய்க்க ஒரு கோலி, அதாவது சிறு அறை. "யார் சொல்லி வந்தே தம்பி?" என்ற கேள்விக்கு ஒரு பதில். தோல் பதனிடும் ஷெட் வாசலில் நின்றாலும் கேள்வி அதுதான். டைப்பிங்கும் ஷார்ட்ஹேண்டும் முடித்து, மாட்டுங்காவில் தங்கிக்கொண்டு ஃபோர்ட் அலுவலகப் படிகளை ஏறி இறங்கினாலும் அதுதான். ஊர்ப் பெயரும் மாமா பெயரும் சொன்னால் கதவு திறக்கும். பையன் கல்லாவில் கை வைத்தால் தலைகுனிய வேண்டியவர் அந்த மாமா. சிபாரிசு என்றால் பிணை. சாதி பார்த்துத் திறந்த கதவுகளும் அதில் உண்டு என்பதால், அந்தக் காலம் போனதில் எனக்குப் பாதி வருத்தம்தான்.

இன்று கதவு செல்போனில் இருக்கிறது. 2003-இல் தொடங்கிய லிங்க்ட்இன்னில் இந்தியர்கள் மட்டும் 10 கோடிக்கு மேல். மித்தி ஆற்றுக்கு இந்தப் பக்கம் தாராவியில் உட்கார்ந்திருக்கும் பி.காம். மாணவி, அந்தப் பக்கம் பாந்த்ரா-குர்லா வளாகத்துக் கண்ணாடிக் கட்டடத்தில் இருக்கும் மனிதவள மேலாளருக்கு யார் தயவும் இல்லாமல் நேராக எழுதலாம். பெரிய விஷயம். ஆனால் அதே வழியாக அவளுக்கும் யார் வேண்டுமானாலும் எழுதலாம். எழுதுகிறவருக்குப் பிணை நிற்க மாமா கிடையாது.

நாக்பூரில் நடந்ததைப் பாருங்கள். பிரம்மோஸ் ஏவுகணைத் திட்டத்தில் இருந்த இளம் பொறியாளர் ஒருவருக்கு லிங்க்ட்இன்னில் ‘சேஜல் கபூர்’ என்ற பெயரில் ஒரு தொடர்பு வந்தது. பிரிட்டனில் விமானத்துறை வேலை என்று பேச்சு. அதற்காகச் சில செயலிகளை நிறுவச் சொன்னார்கள்; நிறுவினார். அவை கணினியில் இருப்பதை உருவிக்கொண்டு போகும் உளவு மென்பொருள்கள். 2018 அக்டோபரில் கைது, 2024 ஜூனில் ஆயுள் தண்டனை. 2025 டிசம்பரில்தான் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை பெரிய குற்றச்சாட்டுகளிலிருந்து அவரை விடுவித்தது. 3 ஆண்டுத் தண்டனை ஒன்று மட்டும் நின்றது. வேலை தேடியவர் இழந்தது பணம் அல்ல, 7 ஆண்டுகள்.

இங்கிலீஷ் சரியாகத் தெரியாதவர்கள்தான் இப்படி ஏமாறுவார்கள் என்று நினைக்க வேண்டாம். என்.டி.டி.வி.யில் 21 ஆண்டுகள் இருந்த பத்திரிகையாளர் நிதி ராஸ்தான், ஹார்வர்டில் பேராசிரியர் வேலை கிடைத்துவிட்டது என்று நம்பி 2020-இல் வேலையை விட்டார். அப்படி ஒரு வேலையே இல்லை என்பதை 2021 ஜனவரியில் அவரே வெளியில் சொன்னார். கேள்வி கேட்பதே தொழிலாக இருந்தவருக்கு இந்த நிலை. ஏமாற்றுகிறவன் நம் அறியாமையை மட்டும் தேடுவதில்லை, ஆசையையும் தேடுகிறான். அவரவர் ஆசை எது என்று நம் ப்ரொஃபைலே எழுதி ஒட்டியிருக்கிறது.

தமிழர்களுக்கு இதில் நெருக்கமான பெயர் மியாவடி. தாய்லாந்து எல்லையை ஒட்டிய மியான்மர் ஊர். "டிஜிட்டல் சேல்ஸ், மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ்" என்று சமூக ஊடகத்தில் விளம்பரம் பார்த்தும், துபாயிலும் இந்தியாவிலும் இருந்த ஏஜென்ட்டுகள் பேச்சைக் கேட்டும் பாங்காக் போனவர்கள், அங்கிருந்து ஆற்றைத் தாண்டி மியான்மருக்குக் கடத்தப்பட்டார்கள். அங்கே வேலை என்பது, முகம் தெரியாதவர்களுக்குப் போலிப் பெயரில் மெசேஜ் அனுப்பி கிரிப்டோவில் பணம் போடவைப்பது. வந்த மெசேஜை நம்பிப் போனவனே அடுத்தவனுக்கு மெசேஜ் அனுப்பும்படி ஆக்கப்பட்டான். வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பர் 24 அன்று எச்சரிக்கை வெளியிட்டது. அடுத்த மாதமே தமிழர்கள் 13 பேர் மீட்கப்பட்டுச் சென்னை வந்தார்கள். அத்தோடு முடியவில்லை, 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்களில் இரண்டே நாளில் 549 இந்தியர்களை அழைத்து வர வேண்டியிருந்தது.

வெளிநாட்டு வேலை என்றால் சட்டம் தெளிவாக இருக்கிறது. 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, ஏஜென்ட் என்றால் பதிவு பெற்றவர் மட்டுமே ஆள் எடுக்கலாம். உரிம எண்ணை அரசின் இ-மைக்ரேட் தளத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். சேவைக் கட்டணமாக ஏஜென்ட் வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. ஒன்றரை லட்சம் கேட்பவரிடமும், "முதலில் டூரிஸ்ட் விசாவில் போங்க, அங்கே மாத்திக்கலாம்" என்பவரிடமும் மேற்கொண்டு பேச எதுவும் இல்லை. சந்தேகம் என்றால் கேட்க, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் மும்பையிலேயே இருக்கிறது.

உள்ளூர் மோசடிக்கு இவ்வளவு தூரம் தேவையில்லை. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், லேப்டாப்புக்கு டெபாசிட். அல்லது, "ஓட்டலுக்கு ரிவ்யூ போடுங்க, ஒன்றுக்கு 150 ரூபாய்." முதல் 150 நிஜமாகவே வந்து சேரும், தூண்டிலில் புழு இருக்கத்தானே வேண்டும். பிறகு டெலிகிராமுக்கு மாற்றி, பெரிய ‘டாஸ்க்’ செய்ய நம் பணத்தைக் கட்டச் சொல்வார்கள். இதைவிட மோசமானது, "உன் பேங்க் அக்கவுன்ட்டைக் கொஞ்ச நாள் குடு, கமிஷன் தர்றோம்" என்பது. அந்தக் கணக்கில் ஓடுவது இன்னொருவரிடம் திருடிய பணம். கணக்கு முடங்கும், போலீஸ் தேடி வருவது கணக்குக்காரரை.

பிணையை நாமே உருவாக்கிக்கொள்வதுதான் வழி. எழுதுகிறவர் ப்ரொஃபைல் எப்போது தொடங்கப்பட்டது என்று லிங்க்ட்இன்னே காட்டுகிறது. போன மாதம் பிறந்த ப்ரொஃபைலில் பதினைந்து வருட அனுபவம் எப்படி வரும்? கம்பெனி பதிவாகியிருக்கிறதா என்று கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் தேடலாம். மின்னஞ்சல் கம்பெனியின் சொந்த முகவரியிலிருந்து வருகிறதா, ஜிமெயிலிலிருந்தா? இருவருக்கும் பொதுவான நண்பர்கள் 40 பேர் என்று காட்டினால் மயங்க வேண்டாம், அதில் ஒருவருக்குப் போன் போட்டு "இவரை நேரில் பார்த்திருக்கீங்களா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் "ரிக்வெஸ்ட் வந்துது, ஓகே குடுத்தேன்" என்பார். ஆதார், பான் நகல்களை நேர்காணலுக்கு முன் தர வேண்டிய அவசியமே இல்லை. ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள், தங்கள் பெயரில் யாராவது கடன் வாங்கியிருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளலாம்; கடன் தகவல் நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு.

பணம் போய்விட்டதா? வீட்டில் யாரிடம் எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்கு முன் சைபர் மோசடி உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள். பரிவர்த்தனை எண், நேரம், தொகை கையில் இருக்கட்டும். பணம் கணக்கு விட்டுக் கணக்கு பாயும் முன் தடுத்து நிறுத்த அந்த முதல் சில மணி நேரம்தான் வாய்ப்பு. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியுங்கள். வங்கிக்கும் எழுத்தில் சொல்லுங்கள். உங்கள் தவறு இல்லாமல் மூன்றாம் ஆள் உருவிய பணம் என்றால், 3 வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்கு நஷ்டமில்லை என்பது ரிசர்வ் வங்கி 2017-இல் கொண்டுவந்த விதி. ஓ.டி.பி.யை நீங்களே கொடுத்திருந்தால், சொல்லும் வரையிலான நஷ்டம் உங்களுடையது; சொன்ன பிறகு போவது வங்கியுடையது. சாட் உரையாடலை வெட்கப்பட்டு அழித்துவிடாதீர்கள். அதுதான் சாட்சி.

மும்பையில் சைபர் காவல் நிலையங்கள் மண்டலத்துக்கு ஒன்றாக ஐந்து இருக்கின்றன. ஆனால் "இது எங்க ஏரியா இல்லை" என்று எந்தக் காவல் நிலையமும் திருப்பி அனுப்பக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவுப்படி எங்கே நடந்த குற்றத்துக்கும் எங்கேயும் எஃப்.ஐ.ஆர். போடலாம். புகாரை மின்னணு வழியில் அனுப்பினால் 3 நாளுக்குள் போய்க் கையெழுத்திட வேண்டும். ஆள்மாறாட்ட மோசடிக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு.

பெண்களின் இன்பாக்ஸ் தனிக் கதை. "உங்க போட்டோ சூப்பர்" என்று தொடங்குபவருக்கு இது வேலை தேடும் இடம் என்பது தெரியாமல் இல்லை. விருப்பமில்லை என்று ஒரே ஒருமுறை தெளிவாக எழுதுங்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பிறகு பிளாக் செய்யுங்கள். அதற்குப் பின்னும் வேறு வேறு கணக்கில் வந்து தொல்லை கொடுத்தால் அது பாரதிய நியாய சன்ஹிதா 78-ஆவது பிரிவின் பின்தொடர்தல் குற்றம். உங்கள் பெயரில், உங்கள் படத்தோடு போலிக் கணக்கு தொடங்கியிருந்தால், புகார் தந்த 2 மணி நேரத்துக்கு மேல் அதைத் தளம் விட்டுவைக்கக் கூடாது.

இந்த நகரத்துத் தமிழர்களுக்குப் பெயரும் பதவியும் பட்டியலாவதன் ஆபத்து புதிதல்ல. 1960-களில் பால் தாக்கரேயின் ‘மார்மிக்’ வார இதழ், டெலிபோன் டைரக்டரியிலிருந்து தென்னிந்திய அதிகாரிகளின் பெயர்களை எடுத்து வாராவாரம் அச்சிட்டது. இப்போது பட்டியலை நாமே தயாரித்துத் தருகிறோம், பிறந்த தேதியும் செல்போன் எண்ணும் சேர்த்து. அந்த இரண்டையும் இன்றே எடுத்துவிடலாம்.

புதியவருக்கு நீங்கள் எழுதும்போதும் எதிர்முனையில் இருப்பவர் இதே சந்தேகத்தோடுதான் படிப்பார். "டியர் சார், எனி வேகன்சி?" என்பதற்குப் பதில் வராது. "வணக்கம். செம்பூரில் உங்கள் கல்லூரியில் படித்தவள், 2024-இல் முடித்தேன். எங்கள் கணக்கியல் ஆசிரியர் உங்கள் பெயரைச் சொன்னார், அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். உங்கள் பிரிவில் பயிற்சிக்கு எப்போது ஆள் எடுப்பீர்கள்?" என்று நாலு வரி எழுதினால், அவர் முதலில் அந்த ஆசிரியருக்குத்தான் போன் போடுவார்.