டெட்லைன்: ஒரு கோட்டின் கதை



"நாளைக்குத்தான் டெட்லைன்" என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். மின்கட்டணம், தேர்வு விண்ணப்பம், வங்கிக் கடன் என எல்லாவற்றுக்கும் ஒரு கடைசி நாள் உண்டு. இன்று காலக்கெடுவைக் குறிக்கும் இந்த ஆங்கிலச் சொல்லின் நேரடிப் பொருள் 'சாவுக்கோடு' என்பதாகும். அப்படி ஒரு கோடு உண்மையிலேயே இருந்தது.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864-ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஜார்ஜியா மாநிலத்தின் ஆண்டர்சன்வில் என்ற ஊரில் தென்மாநிலத்தவர் போர்க்கைதிகளுக்கான முகாம் ஒன்றைத் திறந்தனர். உயர்ந்த மரமதிலுக்கு உள்ளே, சுமார் 19 அடி தள்ளி, தாழ்வான ஒரு வேலி இருந்தது. அதைத் தாண்டும் கைதியைக் காவலர் சுடலாம். அதற்கே டெட்லைன் என்று பெயர். ஏறத்தாழ 14 மாதங்களில் அங்கு அடைக்கப்பட்ட 45,000 பேரில் ஏறக்குறைய 13,000 பேர் இறந்தனர். பெரும்பாலோரைக் கொன்றவை நோயும் பசியும் அசுத்த நீருமே. பின்னர், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்கப் பத்திரிகையாளர்கள் செய்தி தரவேண்டிய கடைசி நேரத்தை இச்சொல்லால் குறிக்கத் தொடங்கினர்.

அந்த முகாமுக்குள் 1864 ஜூன் மாதத்தில் சவான்னா மறைமாவட்டத்தின் அருள்தந்தை பீட்டர் வீலன் நுழைந்தார். அயர்லாந்தில் பிறந்த அவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. அவர் தென்மாநிலப் படையினருக்கு ஆன்மப் பணியாற்றியவர். கைதிகளோ எதிர்த்தரப்பு வீரர்கள். ஆயினும் ஏறக்குறைய நான்கு மாதங்கள் அங்கே தங்கி, தரையில் கிடந்தவர்களுக்கு ஒப்புரவும் நோயில்பூசுதலும் வழங்கினார். தென்மாநிலப் பணத்தில் 16,000 டாலர் கடன் பெற்று, மாவு வாங்கி ரொட்டி சுடச் செய்து கைதிகளுக்குக் கொடுத்தார். அது 'வீலன் ரொட்டி' என்றே பெயர் பெற்றது.

லூக்கா நற்செய்தி 13-ஆம் அதிகாரத்தில், காய்க்காத அத்திமரத்துக்காகத் தோட்டக்காரர் இன்னும் ஓர் ஆண்டு கேட்கிறார். அதுவும் ஒரு கெடுதான். ஆனால் அந்தக் கெடுவுக்குள் அவர் மண்ணைக் கொத்துகிறார், எரு இடுகிறார். மரம் பிழைக்க வேண்டும் என்பதற்காகவே அந்த ஓர் ஆண்டு.

நம் பங்கிலும் புதுநன்மைக்குப் பெயர் கொடுக்கவும் திருமண ஓலைக்கும் கடைசி நாள் குறிக்கிறோம். ஒழுங்கு தேவையே. எனினும் நாள் தவறி வந்து தயங்கி நின்ற தாயைக் காரணம்கூடக் கேட்காமல் திருப்பி அனுப்பிய குறை, குருக்களாகிய நம்மிடமும் உண்டு. வீட்டிலும் பிள்ளைகளுக்குக் கெடு வைக்கிறோம். அதை எட்ட அவர்களுக்குத் துணை நிற்கிறோமா?

அடுத்தமுறை டெட்லைன் என்று சொல்லுமுன், அந்த வேலிக்குள் ரொட்டி கொண்டுசென்ற முதிய குருவை நினைத்துக்கொள்வோம். இறைவன் நமக்கு இன்னும் ஓர் ஆண்டு தந்திருக்கிறார். நாமும் பிறருக்குத் தருவோம்.