மூன்று ஸ்விட்சைப் போட்டால் நான்கு

பிடிபி-8 கணினியின் மாதிரி கிட்டை வாங்கி, சால்டரிங் முடித்த திருப்பத்தூர் வாசகர் ஒருவர் கேட்கிறார்: எல்லா விளக்கும் எரிகிறது, ஒவ்வொரு ஸ்விட்சும் வேலை செய்கிறது, சோதனை முடிந்ததா? முடியவில்லை. சொல்லப்போனால் இரண்டையும் தலைகீழாகச் சோதித்திருக்கிறார்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1965இல் கொண்டுவந்த 12 பிட் கணினி பிடிபி-8. ஆஸ்கர் வெர்மியூலன் வடிவமைத்த கிட், 1968இன் 8/ஐ வகையைப் பின்பற்றுகிறது. நம் நாட்டில் ஹைதராபாத் இ.சி.ஐ.எல். 1969இல் தந்த டி.டி.சி.-12ம் 12 பிட் இயந்திரம்தான்.

அறுபதுகளின் கணினி மேசைமேல் உயிர்பெறுகிறது என்பதெல்லாம் மிகை. உள்ளே இருப்பது ராஸ்பெரி பை என்ற சிறு கணினி. கணக்குப் போடுவது மென்பொருள். கையால் தொட்டுச் சோதிக்க மிஞ்சுவது முகப்புப் பலகை. ஆனால் அந்தப் பலகைக்குள் இருக்கும் யோசனை அபாரமானது.

89 எல்.இ.டி.யும் 26 ஸ்விட்சும் சேர்ந்து 115. அவற்றை ஆள்வது ராஸ்பெரி பையின் 23 பின்கள்: 12 நெடுவரிசை, விளக்குக்கு 8 கிடைவரிசை, ஸ்விட்சுக்கு 3. வளவு வீட்டுக் கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். எட்டு வரிசை இலை, பரிமாற 12 பேர். ஒரு நேரத்தில் ஒரு வரிசைக்குத்தான் பரிமாறுவார்கள். ஆனால் நொடிக்கு அறுபது சுற்றுக்கு மேல் வருவதால் எந்த இலையும் காலியாகத் தெரியாது. எட்டாவது வரிசை முடிந்ததும் அதே 12 பேர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, வேறு மூன்று வரிசைகளில் யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு வருவார்கள். அந்த மூன்றும் ஸ்விட்சுகள். அங்கேதான் பக்கத்து இலைக்குப் பாயசம் கேட்கும் ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

இரண்டு கிடைவரிசையும் இரண்டு நெடுவரிசையும் சந்திக்கும் செவ்வகத்தின் மூன்று மூலைகளில் ஸ்விட்ச் போட்டிருந்தால், மின்னோட்டம் அவற்றின் வழியே சுற்றிவந்து, போடாத நான்காவதையும் போட்டதாகக் காட்டிவிடும். இதைத் தடுக்கத்தான் ஸ்விட்சுக்கு ஒரு டயோடு. டயோடு திரும்பியிருந்தால் ஸ்விட்ச் செத்துக் கிடக்கும், உடனே தெரிந்துவிடும். டயோடு ஷார்ட் ஆகியிருந்தால்? ஒவ்வொன்றாக மட்டும் தட்டிப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே தெரியும்.

விளக்கில் நிலைமை நேரெதிர். பக்கத்துப் பக்கத்து நெடுவரிசைகளை ஈயம் ஒட்டவைத்திருந்தால், எல்லாவற்றையும் எரியவிடும் சோதனை அதைக் காட்டாது. ஒன்றை மட்டும் எரியவிட்டால் இரண்டு எரியும், குட்டு வெளிப்பட்டுவிடும். ஒரு கிடைவரிசை முழுக்க இருண்டால் அதை ஓட்டும் சிப்பின் பக்கம் பாருங்கள். ஒற்றை விளக்கு மட்டும் என்றால் திருப்பிச் செருகிய எல்.இ.டி.யாகவோ ஈயம் பிடிக்காத காலாகவோ இருக்கும்.

ஆக, விளக்கைத் தனித்தனியாக, ஸ்விட்சை மூன்று மூன்றாக. பழைய முறைப்படி காகித நாடா படிக்கும் சிறு நிரலைக் கையால் ஏற்றிப் பார்த்தால் இதன் அருமை புரியும். அந்த நிரல் தொடங்கும் முகவரி, எண்ம முறையில் 7756. பன்னிரண்டு ஸ்விட்சில் பத்தைப் போட வேண்டும். அந்த நிலையில் முகவரி ஏற்றும் விசையை அழுத்தும்போது டயோடுகள் சரியில்லையென்றால், தொடாத ஸ்டாப் விசையும் அழுத்தியதாகப் பதிவாகலாம்.